குடை பிடிக்கிற வேலை

நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மிராசுதார் ஒருவரின் நெல் கொட்டகையில்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. நான் ஒருத்திதான் டீச்சர். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. குறுவை அறுப்புக்குக் கூடுதல் நெல் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மிராசுதாரின் மகளும் என் முன்னால் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய பாடம், ஒருவர் வேலை இன்னொருவருக்கு எப்படி உதவுகிறது என்பது. புத்தகத்தில் போலீஸ்காரர் படம் இருந்தது. அந்தச் சமயம் எங்கள் ஊரில் அது எடுபடாது என்று புத்தகத்தை மூடிவிட்டேன். நீளமான வைக்கோல் பிரி ஒன்றைக் கொடுத்து, தட்டில் சோறு விழ யார் யார் வேண்டும் என்று கேட்டேன். நாற்று நடுகிறவர், மடை திறக்கிறவர், அரிவாள் அடிக்கிற கொல்லர், வண்டிக்காரர், மில்காரர் என்று ஆளுக்கு ஒரு வேலையாகிப் பிரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கையை விட்டாலும் பிரி தொய்ந்தது. ஒரே கும்மாளம்.

மிராசுதாரின் மகள் மட்டும் கையை நீட்டியபடி நின்றாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மடை திறக்கிறவராக நின்ற பையன் உதவிக்கு வந்தான். அவனுக்குக் கிண்டல் தெரியாது, பார்த்ததைச் சொன்னான்.

"அவங்க அப்பா வரப்புல குடை புடிச்சுக்கிட்டு நிப்பாங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அவள் அழவில்லை. சாயங்காலம் வீட்டில் போய் அப்படியே ஒப்பித்துவிட்டாள்.

மறுநாள் கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. நெல் வைக்க இடம் வேண்டுமாம். அறுக்காத நெல்லுக்கு எதற்கு இடம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மழைக்காலத்துக்குள் கூரை கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள். வாய்க்கால் கரையில் புங்கமரத்தடியில் பாடம் நடத்திக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. அரை வயிறும் கால் வயிறுமாக இருந்த அந்த ஜனங்கள் கீற்று முடைந்து கொண்டுவந்தார்கள். கடைத்தெருவில் மரக்கடை வைத்திருந்த பாய் மூங்கில் கொடுத்தார். வண்டிக்காரர் ஏற்றி வந்தார். கொல்லர் கடப்பாரையோடு வந்து புறம்போக்கில் குழி தோண்டினார். பிள்ளைகள் பிரியைப் பிடித்து விளையாடிய வேலைகளெல்லாம் ஆளாக வந்து நின்றன.

கூலிச் சண்டை ஒருவழியாகப் பேசி முடிந்து அறுப்பும் ஆனது. மிராசுதாரின் மகள் மட்டும் வரவில்லை. அவளும் என் பிள்ளைதானே, பாயில் அவள் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது.

ஐப்பசியில் மழை கொட்டியது. அவசரத்தில் வேய்ந்த கூரை நடுவில் ஒழுகியது. சின்னப் பிள்ளைகள் நனைந்து நடுங்கினார்கள். அப்போது வரப்பு வழியாக அவள் வந்தாள், தன்னைவிடப் பெரிய கறுப்புக் குடையோடு. ஊருக்கே தெரிந்த குடை.

வீட்டுக்குத் தெரியாமல் எடுத்து வந்தாயா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்லைங்க டீச்சர், அப்பாதான் குடுத்தாங்க. புதுக் கூரை ஒழுகும், கொண்டு போன்னாங்க."

உள்ளே வந்தவள் குடையை மடக்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் போய் நின்று உயர்த்திப் பிடித்தாள். சின்னப் பிள்ளைகள் அதன் அடியில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். மடை திறக்கிறவராக நின்ற பையன் எழுந்து போய், மூலையில் கிடந்த வைக்கோல் பிரியை எடுத்துவந்து, அதன் நுனியை அவளுடைய இன்னொரு கையில் கொடுத்தான்.