சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய்

பொன்முடி அடிவாரத்தில் பொம்மைத் துப்பாக்கி ஒன்று புகை கக்கியதாம். விளையாட வந்தவன் போட்டிருந்த கண்ணாடி தெறித்துவிட்டதாம். பஸ் கண்டக்டர் சொன்னதை டீக்கடைப் பிச்சையா அப்படியே சொரிமுத்துவிடம் ஒப்பித்தான்.

"காத்துல சுடுத துப்பாக்கி எப்படிவே புகையும்? அளக்காதேரும்."

சொல்லி முடிக்கும்போதே சொரிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது.

தென்காசிக்காரன். திருவனந்தபுரம் பழவங்காடியில் பம்பு ரிப்பேர் கடை. சைக்கிள் பம்போ மருந்தடிக்கிற பம்போ, காற்றை அடைத்துத் தள்ளுகிற எதையும் விடமாட்டான். அந்தப் பேரைக் கேட்டுத்தான் பொன்முடி அடிவாரத்தில் துப்பாக்கி விளையாட்டுத் திடல் நடத்தும் ஷைஜு போன வாரம் இரண்டு துப்பாக்கிகளோடு வந்தான்.

"அண்ணாச்சி, குண்டு பாதி வழியில வீழுது கேட்டோ. ஒண்ணு நோக்கணும்."

பிரித்துப் பார்த்தால் பம்புக்குத் தம்பி. விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே விரட்டும். சிலிண்டருக்குள் நெருக்குண்ட காற்று சின்னத் துவாரம் வழியே சீறி, பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். பிஸ்டன் தலையிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிந்திருந்தது. இரண்டிலும் வளையத்தை மாற்றினான். பம்பு வாஷருக்கு விடுகிற கைப்பழக்கத்தில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெயும் விட்டான். ஸ்பிரிங் போடுமுன் துவாரத்தை விரலால் அடைத்து, பிஸ்டனைக் கையால் தள்ளிப் பார்த்தான். கசிவில்லை. பம்புக்கு அது போதும். சுட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒன்றை ஷைஜு அன்றே எடுத்துப் போனான். மற்றது இன்னும் அலமாரியில் இருந்தது.

இப்போது அதை எடுத்துக் காலி டப்பாவைக் குறிவைத்தான். படாரென்று வெடித்தது. டப்பாவில் ஓட்டை, குழல் வாயில் நீலப் புகை, கருகிய வாடை. பிரித்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து மறுபடி சுட்டான். டப்பா லேசாக நசுங்கியது, அவ்வளவுதான்.

"டீசல் இஞ்சின் மாதிரில்லா வே! நெருக்குன காத்து சூட்டுல எண்ணெ தீப்பிடிக்கி..."

"அதுக்கு நீரு ஏன் வெளுத்துப் போயிட்டீரு?"

"எண்ணெ விட்டது நாந்தான்வே."

சொன்ன கதை நடந்த கதையா, எந்தத் துப்பாக்கி, யாருடைய கண், ஒன்றும் பிச்சையாவுக்குத் தெரியாது. இன்று சனிக்கிழமை, திடலில் கூட்டம் நெரியும். எண்ணெய்க் கையோடு சொரிமுத்து ஷைஜுவின் நம்பரை அழுத்தினான்.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"எடுல... எடுத்துத் தொலைல, ஷைஜு..."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.