வில்லியனூர் வரைக்கும்

கலா அக்காவின் கடைசிப் பதிவு, "மழை விட்டதும் ஏரிக்கரைப் பக்கம் போனேன், அங்கே" என்று நின்றிருந்தது. வழக்கம்போல, "இன்னாக்கா, வில்லியனூர் வந்துடுச்சா?" என்று கீழே கேட்டுவைத்தேன். மறுநாள் பதில் வந்தது. எழுதியவர் அக்காவோடு வேலை பார்த்த தேவி. அக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அவருடைய வலைப்பூவைப் படித்த உங்களுக்கு அந்த அரை வாக்கியங்கள் புதிதல்ல. பாகூரில் கம்பெனி பஸ் ஏறியதும் போனில் எழுதத் தொடங்குவார். வில்லியனூரில் தேவி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், சேதராப்பட்டு வரைக்கும் பேச்சுதான். அதனால் வில்லியனூர் வந்ததும் எழுதியவரைக்கும் போட்டுவிடுவார். மிச்சம் மறுநாள் காலையில் வரும். முடித்துவிட்டே போடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "முடிக்கணும்னு நெனச்சா நான் ஆரம்பிக்கவே மாட்டேன் சார்" என்று எழுதினார்.

என் மகள் எடை ஏறாமல் இருந்த மாதங்களில் நான் எழுதியது எதையும் என் வலைப்பூவில் வெளியிடவில்லை. சொந்தக்காரர்கள் படித்தால், தாயிடம் பால் போதவில்லை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதுவரை எழுத்தில் மட்டுமே பழகியிருந்த அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார்.

"இன்னாடி, இம்மாம் எழுதி வெச்சிக்கினு வாயே தொறக்காம கீற?"

பயமாக இருக்கிறது என்றேன்.

"அப்ப பயமா கீதுன்னே போடு. பாப்பா முழிச்சிதுன்னா அதான் உன் வில்லியனூரு. அதோட நிறுத்திக்க."

போட்டேன். தனக்கும் இப்படித்தான் இருந்தது என்று மதகடிப்பட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தேவியின் பதிலைப் பார்த்ததிலிருந்து இதை நன்றாக எழுதவேண்டுமே என்று அழித்து அழித்து எழுதுகிறேன். அக்கா யாரைப் பற்றியும் பொல்லாப்பாக எழுதியதில்லை, அதை இன்னும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் அவர் என்ன பார்த்தார் என்பது நம் யாருக்கும் தெரியப்போவதில்லை. பயத்தோடு தொடங்குவதும், வந்த இடத்தில் நிறுத்துவதும்தான் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டவை.

தூளி அசைகிறது. அக்கா, பாப்பா எடை ஏறிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நேற்று கையை விட்டுவிட்டு