புது டிவியில் மாமா தோற்றது

எங்கள் பக்கம் ஒரு காரியம் தொடங்குமுன் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பது வழக்கம். என் தாய்மாமா மட்டும் டிவியிடம் கேட்டார். மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டிலிருந்து வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போகிற மினி லாரி அவருடையது. கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்து, சின்ன வயசில் வாங்கிய கேசட் வீடியோ கேமை டப்பா டிவியில் மாட்டி ஓர் ஆட்டம் ஆடுவார். ஒரு குட்டி மனிதன் ஓடிக்கொண்டே இருப்பான். குழி வரும்போது பட்டனை அமுக்கினால் தாண்டுவான். விழாமல் முடித்தால், "கை சுத்தமா இருக்குது கண்ணு, வாரேன்" என்று சாவியை எடுப்பார். அவர் விழுந்து நான் பார்த்ததே இல்லை. "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை ஆட்டம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் டப்பா டிவி புகைந்து செத்தது. அப்பா சுவரில் மாட்டுகிற ஒல்லி டிவி வாங்கி வந்தார். அதே சமயம்தான் மாமா பனிமூட்டத்தில் ஒரு வளைவுச் சுவரில் லாரியை உரசிவிட்டார். பெரிய அடி ஒன்றுமில்லை, ஆனால் மனுஷர் ஆடிப்போய்விட்டார். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஒரு வாரம் வீட்டோடு கிடந்தார். பள்ளிக்கூடம் லீவு. நான் அந்த வாரம் முழுக்க கேம் ஆடினேன். முதல் நாள் எல்லாக் குழியிலும் விழுந்தேன். ஆட ஆடக் கை வந்துவிட்டது.

வண்டி வந்த அன்று காலையில் மாமா வந்து உட்கார்ந்தார். முதல் குழியிலேயே விழுந்தார். மறுபடியும் விழுந்தார். நான் கைகொட்டிச் சிரித்தேன். அடக்கடவுளே, என்ன சிரிப்பு அது!

"டிவியில ஏதாச்சும் கோளாறா சாமி?" என்று கேட்டார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார். எனக்கோ என் சாமர்த்தியத்தைக் காட்டுகிற அவசரம்.

"டிவி நல்லாத்தானுங்க மாமா இருக்குது. குடுங்க, நான் ஆடறேன்."

ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி அத்தனை குழியையும் தாண்டிக் காட்டினேன். அதோடு விட்டேனா? "உங்களுக்குக் கை மெதுவாயிருச்சுங்க மாமா" என்றும் சொன்னேன். என் வாயில் கொள்ளி வைக்க.

மாமா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "ஒரு நொடி தாமசமானாலும் அந்த ரோடு பொறுக்காது கண்ணு" என்றார். அன்றைக்கு அவர் வண்டியை எடுக்கவில்லை. பிறகு விற்றேவிட்டார். வாங்கியவரின் மகன் ஓட்டினான். மாமா அதே லாரியில் தார் ஏற்றி இறக்கப் போனார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் தோழி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் தம்பி பழைய கேம் ஒன்றைப் புது டிவியில் மாட்டிக்கொண்டிருந்தான். "இந்த டிவியெல்லாம் படத்தை மெருகேத்திட்டுத்தான் காட்டுமுங்க்கா. நாம அமுக்கி ஒரு இமைப்பொழுது கழிச்சுத்தான் தாண்டும். செட்டிங் மாத்தோணும்" என்று போகிற போக்கில் சொன்னான். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

மாமா இன்னும் இருக்கிறார். போன பொங்கலுக்குக்கூடப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவருடைய ஸ்டியரிங்கை யார் திருப்பித் தருவது?

அந்த ஒரு வாரத்தில், டிவி பிந்துகிறது என்பது எனக்குத் தெரியாவிட்டாலும் என் விரலுக்குத் தெரிந்துபோயிருந்தது. குழி வருமுன்பே நான் அமுக்கப் பழகியிருந்தேன். மாமா குழியைக் கண்டதும், அமுக்கவேண்டிய நேரத்தில், சரியாக அமுக்கினார். அந்தக் கையைத்தான் மெதுவாகிவிட்டது என்று சொன்னேன்.