பதினோரு விநாடியும் ஒரு புளியமரமும்

மாரத்தான் பாதையை அளக்கிறவன்மேல் ஓடுகிறவர்களுக்குக் கோபம், ஓடாதவர்களுக்குச் சந்தேகம். சரிபார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு கெட்ட பெயர் வாங்கியிருக்கும் அன்பர்களே, நீங்களும் என் கட்சிதான்.

சைக்கிள்

முன்சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியைச் சைக்கிளில் மாட்டித்தான் சாலையை அளக்கிறோம். ஓடுகிறவர் வளைவுகளில் எவ்வளவு குறுக்கே வெட்டினாலும் தூரம் குறையக் கூடாது. அதனால் நானும் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வெட்டி வெட்டித்தான் ஓட்டவேண்டும்.

ஒரு நாள் விடிகாலையில் முக்கொம்பு போகிற வழியில் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தேன். பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலங்காத்தாலேயே ஆரம்பிச்சுட்டீங்களா சார்? பார்த்துப் போங்க."

காற்று

எங்கள் ஓட்டத்தை நடத்துகிறவர் ஸ்ரீரங்கம் வரதன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஊர்ச் சாலை மேடு, ஓர் ஊர்ச் சாலை பள்ளம், அப்புறம் மாரத்தானில் என்ன உலக சாதனை வேண்டிக்கிடக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் சண்டைக்கு வருவார். தூரம் சரியாக இருந்து, புறப்பட்ட பக்கமே திரும்பி வந்தால் நேரம் சாதனையாகத் தாராளமாகச் செல்லும் என்பது என் கட்சி.

அப்படிப் பேசியவரே போன ஆடியில் ஒரு யோசனையோடு வந்தார். முக்கொம்பையும் தாண்டி மேற்கே வெகுதூரத்தில் புறப்பட்டு ஸ்ரீரங்கத்தில் முடிப்பதாம். ஆடியில் மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், மாவட்ட சாதனை தானாக விழும். முடியவே முடியாது என்றேன். போய்த் திரும்பும் பாதை, இரண்டு சுற்று என்று முடிவானது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

"ரங்கநாதன் அனுப்பற காத்து ஓய், அதை வேண்டாம்னு சொல்ல நீர் யாரு?"

நிழல்

அந்த ஓட்டத்தில் ரெஹானா பெண்களில் முதலாவதாக வந்தார். பெரிய கடைவீதிப் பக்கம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். பழைய மாவட்ட சாதனையைவிடப் பதினோரு விநாடி குறைவு. நான் கையெழுத்துப் போட்டால் அந்தச் சான்றிதழோடு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போடுவார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சாதனை என்றால் மறுபடி அளப்பது என் வழக்கம். திரும்பும் இடத்தில் நான் அடித்திருந்த ஆணி அப்படியே இருந்தது. ஆனால் இரண்டாம் சுற்றில் எடுத்த படங்களில், அதன்மேல் இருக்கவேண்டிய, ஓடுகிறவர்கள் சுற்றித் திரும்பும் பிளாஸ்டிக் கோன் நாற்பது தப்படி முன்னாலேயே, புளியமரத்தடியில் நின்றது. போக நாற்பது, வர நாற்பது. பதினோரு விநாடி அதிலேயே போயிற்று. காவலுக்கு நின்றவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. கேட்டால் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறான்:

"வெயில் ஏறிடுச்சு மாமா. நான் நிழலுக்கு வந்தேன், கோனையும் கூட எடுத்துட்டு வந்தேன்."

கையெழுத்து

விஷயத்தைச் சொல்ல மருந்துக்கடைக்குப் போனேன். ரெஹானா முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த எண்பது தப்படியை இப்பவே ஓடிட்டு வந்துடட்டுமா சார்?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு எங்களுடையது, வேலை போவது அவருக்கு. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் பழைய சாதனைக்காரி என்னிடம் என்ன கேட்பாள்?

கடை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"தை மாச ஓட்டத்துக்கும் பேர் கொடுத்திருக்கேன் சார். கோன் பக்கத்துல உங்க மச்சான் வேண்டாம், நீங்களே நில்லுங்க. வெயில்ல."

தொப்பி வாங்கிவிட்டேன். மாரத்தான் நேரம் சாதனையாகச் செல்லுமா என்று இனி யார் கேட்டாலும், திரும்பும் இடத்தில் மரம் இல்லாவிட்டால் கட்டாயம் செல்லும் என்றுதான் சொல்வேன்.