ஷஹீமா மிஸ்ஸிடம் வாயைக் காட்டினால்

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. இப்ப மத்தப் பக்கம்." ஷஹீமா மிஸ்ஸின் டோர்ச் வெளிச்சம் கன்னத்தின் உட்புறத்தில் நிதானமாக ஊர்கிறது. கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கிற புற்றுநோய்க்காரர்களுக்கு வாய் உள்ளேயே வெந்து புண்ணாகும். எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பது, கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கும் இவருடைய வேலை. கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்க்கிற மனுஷி.

நோகுதா என்று மட்டும் கேட்கமாட்டார். "நம்மட ஆக்கள்ட்ட நோவுதா எண்டா இல்லெண்டுதான் வரும். சாப்பிட்டீங்களா எண்டா ஓம் எண்டுதான் வரும். பட்டினி கிடந்தாலும் மரியாத குறையாது" என்பார். ஆகவே மேசை லாச்சியிலிருந்து ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்து பார்ப்பார். மென்று விழுங்கினால் இரண்டாம் தரம். தேத்தண்ணி மட்டும்தான் இறங்கும் என்றால் மூன்றாம் தரம்.

என் பக்கத்து ஃபிளாட் பாலசுந்தரத்தார் வெள்ளவத்தையில் ஃபோட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவர். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் எடுத்துக்கொண்டிருந்த அவரை மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மனுஷன் பாதியாகிப் போயிருந்தார். ஆனால் பேச்சு குறையவில்லை. "காலமை புட்டுச் சாப்பிட்டனான் மிஸ். ஒரு பிரச்சினையுமில்லை." மனைவி சரோஜினிதேவியும் விடவில்லை. "ஓம் மிஸ், கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

பிஸ்கட் வந்தது. ஓரத்தில் ஒரு கடி. ஆகா, நல்ல ருசி என்பதுபோல் தலையாட்டல். மிஸ் கை கழுவத் திரும்பியதும் மிச்சம் சேர்ட் பொக்கெட்டுக்குள் போய்விட்டது. மிஸ் திரும்பாமலே சொன்னார்: "பொக்கெட்டால சாப்பிட்டா உடம்புல சேராது ஐயா."

டோர்ச் அடித்தபோது நாக்கின் ஓரமெல்லாம் வெள்ளைப் படலம், புண்ணோடு புண் சேர்ந்திருந்தது. பாலசுந்தரத்தார் அழுதேவிட்டார். "சொன்னால் சிகிச்சையை நிப்பாட்டிப் போடுவினமெண்டு பயந்தனான் மிஸ். இடையில விட்டால் வருத்தம் திரும்பி வந்திடும்."

மிஸ் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சாப்பிடாம மெலிஞ்சா, கதிர் அடிக்கக்குள்ள தல அசையாம இருக்க ஒங்கட மொகத்துக்கு அளவா செஞ்ச மாஸ்க் லூசாகிரும். அப்பதான் இடையில நிப்பாட்ட வரும். மூக்கால டியூப் போட்டா அதுவழியா சாப்பாடு போகும், சிகிச்சையும் நடக்கும். பொய்தான் ஒங்களுக்கு எதிரி, புண் இல்ல."

அன்றைக்கே டொக்டர் வலி மருந்து எழுதினார், டியூபும் போட்டாயிற்று. மூக்கில் குழாயோடு வெள்ளவத்தையின் பிரதான வீதியில் நிமிர்ந்து நடந்து கடையைத் திறந்தார் பாலசுந்தரத்தார். வாடிக்கையாளர் முகம் பார்த்துக் கூசினால், "பெற்றோல் அடிக்கிற வழி" என்று சொல்லிச் சிரிப்பார். உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்காமல் ஏமாற்றினால் மிஸ்ஸிடம் ஏச்சு. சிகிச்சை ஒருநாளும் நிற்கவில்லை. கடைசி நாளன்று மாஸ்க்கைக் கையில் தூக்கிக்கொண்டு, கப் வென்ற பிள்ளை மாதிரி வெளியே வந்தார்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனை. தொண்டை துப்புரவாக இருக்கிறது, நோயில்லை என்றார் டொக்டர். பாலசுந்தரத்தார் நேரே மிஸ்ஸைத் தேடிப் போனார். பையிலிருந்த பேப்பர் சரையைப் பிரித்தார். உள்ளே மொறுமொறுவென்று ஒரு பருப்பு வடை, மேலே முழுசாக ஒரு செத்தல் மிளகாய்.

"பாருங்கோ மிஸ்" என்று மிளகாயோடு கடித்தார். உமிழ்நீர் இன்னும் சரியாக ஊறாத வாய், மெதுவாக மென்றது. கண்ணிலிருந்து நீர் ஓடியது. சரோஜினிதேவி பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். ஷஹீமா மிஸ் எட்டி அந்தக் கையைப் பிடித்தார். பாலசுந்தரத்தாரின் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் கையை விட்டார்.