ஏழாம் நம்பர் கை

எஞ்சின் புகைக்குழாயை மேசையில் வைத்ததுமே பொற்கொடி கண்டுகொண்டாள். இது பாவாத்தாள் கை.

சூலூரை ஒட்டிய அந்த ஒர்க்‌ஷாப்பில் விமான பாகங்களை வெல்டிங் செய்கிறவர்கள் ஆறு பேர். பொற்கொடிக்கு ஐம்பத்தாறு வயது, ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம். குழாய், பைலட் பயிற்சி கொடுக்கிற குட்டி விமானத்தினுடையது. பத்தொன்பது வருடம் பறந்துவிட்டு, விரிசல் விட்டுத் திரும்ப வந்திருக்கிறது. வெல்டிங் தழும்பு மீன் செதில் மாதிரி அலையலையாக இருக்கும். வலக்கைக்காரர்களுக்கு அது ஒரு பக்கம் சாயும், பாவாத்தாளுக்கு எதிர்ப்பக்கம். பீச்சாங்கைக்காரி என்று அவளைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது.

"பீச்சாங்கையில பத்த வெச்சாலும் பறக்குதா இல்லையா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. சோமனூர் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைக்க இப்போது ஆளில்லை. ஒருத்தி அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்தால் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும், அது அவர்கள் இருவருக்குள் இருந்த சட்டம். ஒர்க்‌ஷாப்புக்கு இப்போது ஏசி வந்துவிட்டது, காபி மிஷின்கூட வந்துவிட்டது. என்ன வந்து என்ன? மத்தியானச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜுலு குழாயில் சிவப்பு மை தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார். விரிசல் இருக்கிற இடத்தில் மை கசிந்து காட்டிக்கொடுக்கும். சிவப்புக் கோடு வெல்டிங்கின் நடுவிலேயே எழுந்தது. பொற்கொடி அங்கே தேய்த்து எடுத்தாள். உள்ளே ஊசியால் குத்தினது போலப் பொடிப்பொடி ஓட்டைகள். இன்ஸ்பெக்டர் குழாயின் ஓரத்தில் குத்தியிருந்த வெல்டர் நம்பரைப் பார்த்தார்.

"காத்து பூந்திருக்குதுங்கக்கா. ஏழாம் நம்பர் பாவாத்தாளக்கா தானுங்களே? வெல்டர் தப்புன்னு எழுதீரலாம். செத்தவங்களுக்கு இனி என்னங்க நட்டம்?"

நல்ல மனுஷன்தான். ஆனாலும் பொற்கொடிக்கு அது ஒப்பவில்லை. அந்த ஓட்டைகள் எப்படி வந்தன என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் சித்திரை அது. அதுவரை தறிப் பட்டறையில் உடைந்த இரும்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தவள். அங்கே ஃபேன் சுற்றினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே அப்படியில்லை. உருகும் உலோகத்தை ஆர்கான் வாயு போர்வை மாதிரி மூடியிருக்க வேண்டும், அது கலைந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். இதெல்லாம் தெரிந்தால்தானே? பாவாத்தாளுக்கு வியர்த்து ஊற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பொற்கொடி மகராசிதான் டேபிள் ஃபேனை இழுத்துவந்து அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

தீ படபடவென்று துப்பியது. பாவாத்தாள் பாய்ந்துபோய் ஃபேனை அணைத்தாள். "கெடுத்துப்போட்டியே அம்மணி!" அதே இடத்தை மறுபடி உருக்கி மூடினாள். மேலுக்கு வெள்ளி போல மின்னியது. அந்தக் காலத்தில் இந்தக் குழாய்களுக்கு எக்ஸ்ரே எடுப்பதில்லை.

"சொன்னா உன்னைய ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போடுவாங்க. வாயைத் தொறக்காதே," என்றாள்.

பொற்கொடியும் திறக்கவில்லை. நாலு நாள் தூக்கமில்லை, அப்புறம் மறந்தே போனாள். நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது.

"சார், ஃபேன் போட்டது நானுங்க," என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "என்ற நம்பரை எழுதுங்க. இருபத்திரெண்டு."

கோவிந்தராஜுலு பேனாவை வைத்துவிட்டார். "அக்கா, உங்க வெல்டிங் டார்ச்சை வாங்கி வெச்சுப்போடுவாங்க. மறுபடி டெஸ்ட்டு, விசாரணைன்னு இழுப்பாங்க. அதுவுமில்லாம, அவங்க மறைச்சதும் தப்புத்தானுங்களே?"

"தப்புத்தானுங்க. அதையும் எழுதுங்க. ஆனா எனக்காக மறைச்சான்னு சேத்து எழுதுங்க."

அவர் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். பொற்கொடி கையெழுத்துப் போட்டாள். பாவாத்தாள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், 'கூறு கெட்டவளே, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?' என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாள். அந்தத் திட்டை ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும் போல் இருந்தது.