மாமனார் பாறை

வண்டி ஷெட்டில் அவனுக்குப் பெயர் தூசி. நாலு தடித்த சக்கரமுள்ள குவாட் பைக்கில் முன்னால் போய், பின்னால் வருகிற ஆறு பேருக்குப் பாறைப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டுவது அவன் வேலை. முன்னால் போகிறவனுக்கு ஏது தூசி என்று கேட்காதீர்கள். நடுவழியில் யாராவது வண்டியை அணைத்துவிட்டு முழிப்பார்கள், இவன்தான் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து காதைக் குடைந்தால் ஒரு பூந்தொட்டிக்கு மண் தேறும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனுக்கு வாய்தான் மூலதனம். வெறும் கல்லைக் காட்டி ‘உடைந்த கடைவாய்ப்பல்’ என்பான், ‘தூங்குகிற குமாஸ்தா’ என்பான். சொல்லிவிட்டால் அப்புறம் யாராலும் அதைக் கல்லாகப் பார்க்க முடியாது. கடைசி நிறுத்தம் மாமனார் பாறை. நீண்ட மூக்கு, முன்னால் தள்ளிய கீழுதடு, உலகத்தில் எதுவுமே சரியில்லை என்கிற முகம்.

அசல் மாமனார் இவன் வீட்டிலேயேதான் இருந்தார். முப்பது வருடம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைத்து ஓய்வு பெற்றவர். பெற்ற மகளையே இரண்டு முறை ஃபெயிலாக்கிய மகராசன். காரும் இல்லாத, பைக்கும் இல்லாத வண்டியை ஓட்டுகிற மாப்பிள்ளையோடு அவருக்குப் பேச்சே கிடையாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, “அந்தத் தண்ணி ஜக்கை இப்படி நகர்த்தச் சொல்லும்மா அவரை” என்பார் மகளிடம். மூன்று வருடமாக இதே கூத்து. தூசி வெளியே சிரித்துக்கொள்வான். உள்ளே வலிக்கத்தான் செய்தது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை, திட்டாகவே இருந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வந்துவிடாதா என்று ஏங்கினான்.

அவன் மனைவிக்கும் சலித்துவிட்டது. “அவர் என்ன வேலை பாக்குறாருன்னு ஒரு தடவை போய்ப் பாருங்கப்பா. அப்புறம் பேசுறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க” என்று, கணவனுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இடம் பிடித்து அப்பாவை அனுப்பிவிட்டாள்.

மாமனார் அரைமணி முன்னதாகவே வந்து, ஹெல்மெட், கண்ணாடி, முகத்துணி எல்லாம் மாட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ரொம்ப ஜாக்கிரதையான ஆள் போல என்று தூசி நினைத்துக்கொண்டான்.

பள்ளத்தாக்கில் கடைசி வண்டி அவருடையது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டி சிக்னல் காட்டினார். பின்னால் இருந்தது ஒரு ஓணான் மட்டும்தான். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்த தூசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘நம்ம வீட்டுப் பெரியவருக்கு அண்ணன் போல இருக்கே!’

கடைசி நிறுத்தத்தில் முஷ்டியை உயர்த்தினான். ஆறு இன்ஜின்களும் அடங்கின.

“இவர்தாங்க என் மாமனார். அசையவும் மாட்டார், என்கிட்ட பேசவும் மாட்டார்” என்று ஆரம்பித்து, கீழுதட்டைத் தள்ளி, தொண்டையைச் செருமி, “அவரைக் கொஞ்சம் மெதுவா மெல்லச் சொல்லும்மா, சத்தம் கேக்குது” என்று பாறையின் குரலில் பேசிக்காட்டினான். ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அக்கா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறாவது ஆள் மெதுவாக முகத்துணியை இறக்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அந்த அக்கா பாறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். “ஐயையோ, அதே மூக்கு!”

தூசி தள்ளியிருந்த கீழுதட்டை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டான். உள்ளதும் போச்சு, இனி இந்த ஜென்மத்தில் பேசமாட்டார் என்று முடிவுகட்டினான்.

மாமனார் அந்த அக்கா பக்கம் திரும்பினார். கீழுதடு முன்னால் வந்தது. தொண்டையைச் செருமினார். “நான் இப்படியெல்லாம் பேசுறதில்லைன்னு அவர்கிட்ட சொல்லும்மா.”

ஐந்து பேரும் வெடித்துச் சிரித்தார்கள். தான் சொன்னது மாமனாருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் பாறையை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதட்டின் ஓரம் துடித்தது.

“மாப்பிள்ளை,” என்றார், நேராக அவன் முகத்தைப் பார்த்து. “உதடு சரியா வரல. இன்னும் கொஞ்சம் நீட்டுங்க.”

தூசிக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று சொல்லிச் சமாளித்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மடை திறந்தது. “மாப்பிள்ளை, மூணாவது வளைவுல நீங்க கை காட்டல. மாப்பிள்ளை, இறக்கத்துல பிரேக்கை அப்படியா பிடிப்பாங்க? மாப்பிள்ளை, அந்தக் குமாஸ்தா பாறைகிட்ட...” மூன்று வருடப் பாக்கி மூச்சு விடாமல் வந்தது. பதினேழாவது குற்றம் வரைக்கும் தூசி பொறுத்தான். அப்புறம் மனைவி பக்கம் சாய்ந்தான்.

“உங்கப்பாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்.”

“நீங்களே நேரா சொல்லுங்க” என்று அவள் ஜக்கைத் தானே நகர்த்தி வைத்தாள்.